பூஜ்யத்துக்குள் நிற்பவர்

பெரியார் நிலையத்து நேரக் காப்பாளர் திரவியம்
பொய் சொல்கிற ஆள் இல்லை.
"நாகமலைப் புதுக்கோட்டைக்கா?
சராசரியா இருபது நிமிஷத்துக்கு ஒரு வண்டி.
நோட்டு இந்தா இருக்கு, கூட்டிப் பாத்துக்க."

கூட்டிப் பார்த்தேன். சரிதான்.
அப்படியானால் நேரங்காலம் பாராமல் வந்து நிற்பவள்
சில நாள் ஒரு நிமிஷம், சில நாள் பத்தொன்பது,
எப்படியும் நடுவில் பத்து என்று
முதல் செமஸ்டர் அறிவு சொன்னது.

பதினோரு நாள் நின்றேன்.
கைக்கடிகாரம் பார்த்து
ரெக்கார்டு நோட்டின் பின்னட்டையில் குறித்ததை வகுத்தால்
இருபது வருகிறது.
பதினோரு நாளும் வெயில்
சராசரி பாராமல் அடித்தது.

"ஒன் ராசி அப்படி" என்றாள் ஜெசிமா,
பருத்திப்பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு.
ராசிக்குப் பரவல் உண்டாடி என்று கேட்டேன்.
"சனிக்கு உண்டு. வளையம் வளையமா."

திரவியத்திடமே சண்டைக்குப் போனேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.
எட்டு பத்து. எட்டு பத்து.
எட்டு ஐம்பது. எட்டு ஐம்பது.
ஒன்பது முப்பது. ஒன்பது முப்பது.
நாற்பது, பூஜ்யம், நாற்பது, பூஜ்யம்.
கூட்டி வகுத்தால் இருபது,
ஒரு தடவைகூட நடந்திராத இருபது.

ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு வண்டிக்கு இடையில்
யார் வந்து நிற்க முடியும்?
கொய்யாப்பழக் கூடைகூட நுழையாத சந்து அது.
இந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும்
நாற்பதுக்குள்தான் வந்து விழுகிறோம்.
நாற்பதில் பாதி இருபது.
கணக்கு தீர்ந்துவிட்டது.
கோபம் தீரவில்லை.

"சேந்தே வர்றதுக்கு எதுக்குங்க ரெண்டு?"
"முன்னாடி போறது ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி நொண்டுது.
பின்னாடி வர்றவனுக்கு ஆளே இல்ல, வந்து முட்டிருறான்.
நான் என்னம்மா செய்ய,
எனக்கு எழுதத்தான் சம்பளம்."

எட்டு ஐம்பதுக்கு வந்தன.
முதல் வண்டியில் அறுபது பேர்,
படிக்கட்டில் தொங்கியவர்களின் டிபன் பாக்ஸ் தனி.
பின்னால் வந்ததில் ஒருவரும் இல்லை.
கண்டக்டர் சூசைமாணிக்கம் மட்டும்
தன் விசிலோடு தனியே இருந்தார்.
"கூட்டமா? வண்டிக்கு முப்பது பேர்தாம்மா.
டிப்போல போய்க் கேளு."
இவரும் பொய் சொல்கிற ஆள் இல்லை.
ஆனால் அந்த அறுபது பேரிடம் கேட்டால்
அறுபது வாயும் அறுபது என்றே சொல்லும்.
காலி வண்டிக்குச் சாட்சி சொல்ல
அதில் ஆள் இருப்பதில்லை.

முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறினேன்.
"நிம்மதியாப் போய்க்கிட்டு இருந்தேன்" என்று முனகி
ஒரு பூஜ்ய ரூபாய் டிக்கெட் கிழித்துத் தந்தார்.
இன்று காலையின் மூன்றாவது பூஜ்யம்.
இதைத்தான் கையில் பிடிக்க முடிந்தது.

ஜன்னலோரம். காலை நீட்டிக்கொண்டு
விராட்டிபத்து வரை பின்னட்டையில் கணக்குப் போட்டேன்:
அறுபது பேர் அறுபது என்பார்கள்,
நான் ஒருத்தி ஒன்று என்பேன்,
மூவாயிரத்து அறுநூற்று ஒன்றை
அறுபத்தொன்றால் வகுத்தால் ஐம்பத்தொன்பது.
ஆக, சராசரிப் பயணி போகிற வண்டியில்
ஐம்பத்தொன்பது பேர்.
காற்றில் என் துப்பட்டா அடுத்த சீட்டு வரை பறந்தது.
யாரும் அதன்மேல் உட்காரவில்லை.

அச்சம்பத்துக்கு முன்னால்
நொண்டிக்கொண்டு நின்ற முதல் வண்டியை முந்தினோம்.
தொங்கியவர்களில் ஒருவன் என்னைப் பார்த்த பார்வைக்கு
எந்தப் பாடப்புத்தகத்திலும் குறியீடு இல்லை.

இனி நாங்கள்தான் முன்வண்டி.
சூசைமாணிக்கம் எழுந்து
தோல்பையை இடுப்போடு இறுக்கிக் கட்டினார்.
"காலை மடக்கிக்கம்மா.
அடுத்த ஸ்டாப்பு பள்ளிக்கூடம்."